தங்கப் பொடி உருக்குதல்: கோத்தகிரிப் பட்டறையில் இரண்டு நாட்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டின் பின்புறம், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையாக அப்பாவின் நகைப் பட்டறை இன்றும் இருக்கிறது. அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து, சென்ற கார்த்திகை மாதத்தில் அதைச் சுத்தம் செய்தபோது, மரப்பெட்டியின் அடியில் துணி சுற்றிய ஒரு ஹார்லிக்ஸ் புட்டி கிடைத்தது. அதில் பாதிக்கு மேல் கறுத்த தூள் நிறைந்திருந்தது. அரப்பொடியும், தரையைப் பெருக்கி அள்ளிய மண்ணும், உமிக்கரிச் சாம்பலும், அறுந்த கம்பித் துணுக்குகளும் கலந்த தூள் அது. வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் மடியில் விரித்திருந்த தோலை உதறி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் சேர்த்து வைத்தது.

அந்தத் தூளிலிருந்து தங்கத்தைப் பிரித்த விவரத்தை இங்கே விரிக்கப் போவதில்லை. நான் 27 ஆண்டுகள் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவன். திராவகப் புகை மூச்சுக்குழாயை என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனவே தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவையான ராஜ திராவகத்தில் கரைத்து, வடிகட்டி, அன்னபேதிக் (இரும்பு சல்பேட்) கரைசலை ஊற்றித் தங்கத்தைப் படியவைத்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் வீட்டில் அதில் இறங்கவே கூடாது. சுத்திகரிப்புத் தொழில் செய்வோரிடம் கொடுத்துவிடுவதே நல்லது. நான் எழுத விரும்புவது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி, அதாவது சுத்தமாகிவிட்ட பொடியைத் தீயில் உருக்கிக் கட்டியாக்குவதைப் பற்றி. அதை எல்லோரும் கடைசியில் வரும் எளிய வேலை என்று நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தேன். அவ்வளவு திராவக வேலையிலும் ஒரு துளி சிந்தாதவன், உருக்கத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே தங்கத்தை இழந்தேன்.

சுத்தத் தங்கப் பொடியை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் அதைத் தங்கம் என்று நம்பமாட்டார்கள். அது மங்கலான பழுப்பு நிறத்தில், கூடலூர்ப் பக்கத்திலிருந்து வரும் காப்பித்தூளை இன்னும் மெல்லியதாக அரைத்தது போல இருக்கும். துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் ஒளி அவற்றின்மேல் பட்டுச் சிதறிவிடுகிறது. மினுமினுப்பு வருவதற்கான சமதளம் அங்கே இல்லை. ஆனால் ஒரு கண்ணாடிக் குச்சியின் முனையால் அந்தப் பொடியைத் தாளின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தால், தேய்த்த கோடு மட்டும் சட்டென்று மஞ்சளாகப் பளிச்சிடும். அன்று இரவு விளக்கடியில் உட்கார்ந்து நான் அதை நான்கைந்து முறை செய்து பார்த்தேன். அப்பாவின் முப்பது ஆண்டு உழைப்பின் மிச்சம் அந்தக் கோட்டில் தெரிந்தது. தராசில் வைத்தபோது 14.20 கிராம் காட்டியது.

உருக்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கே என்னை ஏமாற்றியது என்பதால் அதைச் சொல்லியாக வேண்டும். தங்கம் 1,064 டிகிரி செல்சியசில் உருகும். 14 கிராம் தங்கத்தை அறை வெப்பத்திலிருந்து அந்த நிலைக்குக் கொண்டுபோகவும், பிறகு அதைத் திரவமாக்கவும் தேவைப்படும் மொத்த வெப்பம் ஏறக்குறைய 2,800 ஜூல்தான். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்கவே 4,200 ஜூல் வேண்டும். அப்படியென்றால் தேநீருக்கு வைக்கும் தண்ணீரைக் கை பொறுக்கும் சூடாக்குவதற்கான எரிபொருள்கூட இதற்குத் தேவையில்லை என்று எண்ணிக்கொண்டேன். கணக்கில் பிழையில்லை. ஆனால் தங்கத்துக்குத் தேவையானது வெப்பத்தின் அளவு அல்ல, அதன் உச்சம். ஆயிரம் டிகிரியைத் தாண்டிய பொருள் தனக்குக் கிடைப்பதையெல்லாம் சுற்றிலும் வீசிக்கொண்டே இருக்கும். தங்கத்தை வைத்து உருக்கும் கிண்ணமான மூசை குடிக்கும், கீழே உள்ள செங்கல் குடிக்கும், காற்று குடிக்கும். இவை எல்லாம் குடித்தபிறகு மிஞ்சுவதுதான் தங்கத்துக்கு.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்குள்ள காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்றை மட்டும் இழுத்துக்கொண்டு எரியும் சாதாரண எரிவாயு டார்ச்சுக்கு, அதே அளவு காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த விகிதத்தில் குறைந்துவிடுகிறது. இரண்டாவது தொல்லை குளிர். கடைகளில் கிடைக்கும் சிறு கேன்களில் பெரும்பாலும் பியூட்டேன்தான் இருக்கும். பியூட்டேன் ஆவியாகும் வெப்பநிலை பூஜ்யத்துக்கு அருகில் இருப்பதால், குளிர்ந்த காலையில் அது கேனுக்குள் திரவமாகவே முடங்கிக் கிடக்கும். எரியத் தொடங்கியதும் ஆவியாவதற்கான வெப்பத்தைக் கேனிலிருந்தே எடுத்துக்கொள்வதால் கேன் மேலும் சில்லிடும், சுவாலை மேலும் சோரும். சமவெளியில் ஒருவர் ஐந்து நிமிடத்தில் முடிக்கும் வேலை மார்கழியில் இங்கே முடியாமல் போவதற்கு இவையே காரணம்.

நான் தேர்ந்தெடுத்ததும் மார்கழியின் ஒரு காலைப் பொழுதுதான். தேயிலைத் தோட்டத்தின்மேல் மூடுபனி விலகாத நேரம். பட்டறையில் ஒரு தீச்செங்கல்லின்மேல் புதிய மூசையை வைத்து, பொடியை அப்படியே அதில் கொட்டி, உலோகம் உருக்கும்போது சேர்க்கும் உப்பான வெங்காரத்தை மேலே ஒரு சிட்டிகை தூவி, கேன் டார்ச்சைப் பற்றவைத்தேன். சுவாலை மெலிவாக வந்தது. வேகம் போதவில்லை என்று வால்வை முழுவதும் திறந்து, கேனைச் சாய்த்து, மூசையின் வாய்க்கு அருகில் கொண்டுபோனேன். சாய்த்ததால் திரவ பியூட்டேன் முனைக்கு வந்து, சுவாலை மஞ்சளாக நீண்டு ஒருமுறை சீறியது. அந்தச் சீற்றத்தில் மூசைக்குள்ளிருந்து மெல்லிய பழுப்புப் புகை ஒன்று எழுந்து, சன்னலிலிருந்து வந்த வெளிச்சத்தில் ஒரு கணம் மின்னியது. அது புகையல்ல, தங்கம். கையை இழுத்துக்கொண்டபோது வெங்காரம் பொங்கிப் பொரிந்து, அதன் நுரையோடு இன்னும் கொஞ்சம் பொடியை மூசையின் விளிம்புக்கு வெளியே தள்ளியிருந்தது. வெங்காரத்துக்குப் பொரிகாரம் என்று இன்னொரு பெயர் உண்டு. அப்பா அந்தப் பெயரைத்தான் சொல்வார். படிகத்துக்குள் இருக்கும் நீர் வெளியேறும்போது அது அரிசிப் பொரி போல உப்பும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் அந்தச் சொல்லைக் கேட்டும் நான் அதை யோசித்ததில்லை.

நெருப்பை அணைத்து, ஆறியபின் மூசையில் இருந்ததைத் தனியாகக் கொட்டி நிறுத்தேன். 13.46 கிராம். வித்தியாசம் முக்கால் கிராம். அதில் ஒரு பகுதி ஈரமாக இருந்திருக்கும். பொடி காய்ந்துவிட்டதாக நான் நினைத்தேனே தவிர, மார்கழியின் ஈரக்காற்றில் ஓர் இரவு திறந்து வைத்த பொடி முழுதாகக் காய்ந்திருக்காது. ஆனாலும் மேசையிலும் செங்கல்லிலும் என் சட்டைக் கையிலும் படிந்திருந்ததை மறுக்க முடியாது. ஈரமாக்கிய வடிதாளால் எல்லாவற்றையும் துடைத்து, துடைத்த தாள்களை ஒரு டப்பாவில் போட்டேன்.

பொங்கலுக்கு அடுத்த வாரம் பெரியப்பா அரவேணுவிலிருந்து வந்தார். அவரும் பத்தர் வேலை பார்த்தவர்; இப்போது கண் பார்வை குறைந்துவிட்டது. நான் நடந்ததைச் சொன்னதும், மூசையை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

“நீ பொடிக்கு நெருப்பைக் காட்டியிருக்கே. முதல்ல சூட்டைத்தான் காட்டணும்” என்றார்.

“ரெண்டும் ஒண்ணுதானே பெரியப்பா?”

“இல்லப்பா. நெருப்புக்குக் காத்து இருக்கு. சூட்டுக்குக் காத்து கிடையாது.”

இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. டார்ச்சின் சுவாலை என்பது வேகமாக ஓடும் வாயு. தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 19.3 மடங்கு என்றாலும், மாவு போன்ற நுண்துகளை அந்த வாயு சுலபமாகத் தூக்கிப் போய்விடும். தங்கம் டார்ச்சின் வெப்பத்தில் ஆவியாகி மறைந்துவிடாது. அதன் கொதிநிலை 2,800 டிகிரிக்கும் மேல். பொடியை உருக்குபவர் இழப்பதெல்லாம் காற்றிலும், ஈரத்தின் வெடிப்பிலும், வெங்காரத்தின் பொங்கலிலும்தான். ஆகவே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்வரை சுவாலை பொடியின் முகத்தைத் தொடவே கூடாது.

இரண்டாவது முயற்சிக்கு நாங்கள் ஒரு வாரம் தயாரானோம். முதலில் பொடியைத் திரும்பவும் கழுவினேன். சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒருமுறை, பிறகு கொதிக்கவைத்த வாலைவடிநீரில் பலமுறை. கடைசியாக வடித்த நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டு, வெண்மேகம் தோன்றாத பிறகே நிறுத்தினேன். மேகம் தோன்றினால் குளோரைடு இன்னும் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் உருக்கினால் எரிச்சலூட்டும் புகை வரும், தங்கமும் கொஞ்சம் அதோடு போகும். பொடியில் தங்கியிருக்கக்கூடிய வெள்ளிக் குளோரைடைக் கரைப்பதற்கு அமோனியா ஊற்றலாம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தங்கம் முழுதாகப் படியாமல் கரைசலாகச் சிறிதளவு இருக்கும் இடத்தில் அமோனியா சேர்ந்தால், காய்ந்தபின் தொட்டாலே வெடிக்கக்கூடிய ஒரு சேர்மம் உண்டாகும். அது பழைய நூற்றாண்டுகளிலேயே இரசவாதிகளின் கைகளைப் பறித்த பொருள். என் பட்டறைக்குள் அமோனியாப் புட்டியை நான் கொண்டுவருவதே இல்லை.

காயவைப்பதில்தான் மலைக்காரர்கள் அதிகப் பொறுமை காட்ட வேண்டும். நீர் இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், சமவெளிக் கணக்கில் அடுப்பை வைத்தால் அடியில் உள்ள ஈரம் குமிழியிட்டுப் பொடியைத் துள்ளவைக்கும். ஒரு மண்சட்டியில் ஆற்று மணலைப் பரப்பி, அதில் கண்ணாடிக் குவளையைப் புதைத்து, மேலே ஒரு கண்ணாடித் தட்டைச் சரிவாக மூடி, சிறு தீயில் இரண்டு மணி நேரம் விட்டேன். குவளையின் உட்சுவரில் நீர்த்துளி படிவது நின்றபின் பொடி பிரிந்து, சாய்த்தால் மணல்போல் ஓடியது.

புதிய மூசைக்கு முதலில் வெங்காரப் பூச்சுக் கொடுத்தோம். மூசையை மட்டும் மெதுவாகச் சூடேற்றிச் சிவக்கவைத்து, தனியாக ஓர் இரும்புக் கரண்டியில் முன்பே பொரித்துப் பொடித்த வெங்காரத்தைத் தூவினால், அது 743 டிகிரியில் உருகிக் கண்ணாடியாக ஓடி, மூசையின் நுண்துளைகளை அடைத்துவிடும். இல்லாவிட்டால் உருகிய தங்கம் மணிமணியாக அந்தத் துளைகளில் ஒளிந்துகொள்ளும். வெங்காரத்தை அளவுக்கு மேல் போடுவதும் தவறு. தேன்போன்ற அந்தத் திரவத்தில் சிறு தங்க மணிகள் மிதந்துகொண்டு ஒன்றுசேராமல் நிற்கும்.

பொடியை உலர்ந்த தூளாக வைக்காமல், சாம்பல் மிஞ்சாத வடிதாளில் பொட்டலமாக மடித்தேன். இந்த யோசனை என்னுடையது. பெரியப்பா தலையாட்டிவிட்டு, அந்தக் காலத்தில் அரப்பொடியை இப்படித்தான் மெல்லிய தாளில் முறுக்கி வைப்போம் என்றார். தாள் தன் வேகத்தில் கரியாகி எரிந்து மறைவதற்குள் உள்ளே இருக்கும் பொடி இறுகத் தொடங்கிவிடும்.

இந்த முறை கேன் டார்ச்சை ஒதுக்கிவிட்டு, பக்கத்துத் தெருவில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் தம்பியிடம் ஆக்சிஜனும் எல்.பி.ஜி.யும் சேர்ந்த டார்ச்சைக் கேட்டு, அவரையும் உடன் வைத்துக்கொண்டேன். தெரியாதவர் கைவைக்கக் கூடாத கருவி அது. ஆக்சிஜன் வால்வில் எண்ணெய்ப் பசை பட்டிருந்தால் தானே தீப்பற்றிவிடும். சன்னலும் கதவும் திறந்திருந்தன. அடியில் மணல் பரப்பிய தகரத் தட்டு, அதன்மேல் தீச்செங்கல், மூன்று பக்கமும் செங்கல் மறைப்பு, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. அந்த மறைப்பு மிகவும் முக்கியம். அது காற்றையும் தடுக்கிறது, வீசப்படும் வெப்பத்தை மூசைக்கே திருப்பியும் தருகிறது. வெங்காரம் சூடேறும்போது எழும் மஞ்சள் கூசலுக்கும் வெள்ளொளிக்கும் வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டோம். பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய செருப்பு. பக்கத்தில் உலர் மணல் வாளி மட்டும் இருந்தது. தண்ணீரை எட்டவே வைத்திருந்தோம், ஏனென்றால் உருகிய உலோகத்தின் அடியில் ஒரு சொட்டு நீர் சிக்கினாலும் அது நீராவியாக வெடித்து உலோகத்தை முகத்தில் எறியும்.

முதல் ஐந்து நிமிடம் பொட்டலத்தின்மேல் சுவாலை படவில்லை. ஆக்சிஜனைக் குறைத்து, ஓசையில்லாத அகன்ற மென்சுவாலையாக வைத்து, மூசையின் வெளிச்சுவரைச் சுற்றிச் சுற்றிக் காட்டினோம். தாள் பழுத்து, கறுத்து, ஓரத்தில் செந்நூலாக எரிந்து மறைந்தது. உள்ளே பொட்டலத்தின் வடிவத்திலேயே பொடி நின்றது. மூசை மங்கிய சிவப்புக்கு வந்தபோது, பழுப்பு நிறம் கண்முன்னே விலகி, மங்கிய மஞ்சள் தோன்றியது. கூடவே அந்த உருண்டை கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கி, மூசையின் சுவரை விட்டு விலகியது. துகள்கள் உருகுவதற்கு முன்பே ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் நிலை அது. “இனிமே பறக்காது. ஊது” என்றார் பெரியப்பா. அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நான் நிறத்தைச் சொல்லச் சொல்ல, கணக்கை அவர் வைத்துக்கொண்டார்.

ஆக்சிஜனைக் கூட்டினோம். சுருங்கிய கட்டியின் ஓரங்கள் முதலில் வழுவழுப்பாகின. பிறகு ஒரு மூலை வியர்த்ததுபோல ஈரமாக மின்னியது. அங்கிருந்து உருண்டையாக ஒரு மணி பிரிந்தது, அடுத்து இன்னொன்று. இரண்டும் நெருங்கித் தொட்ட கணத்தில் ஒன்றாயின. அதன்பின் எல்லாம் மிக வேகமாக நடந்தது. மீதமிருந்த கட்டி நடுவில் சரிந்து, மூசையின் அடியில் ஒரே குளமாகச் சேர்ந்து, இளம்பச்சைச் சாயலோடு ஒளிர்ந்து, சுவாலையின் வேகத்தில் மெல்லச் சுழன்றது. குறடால் மூசையை நிதானமாகச் சாய்த்து உருட்டி, ஓரத்தில் தங்கியிருந்த சிறு மணிகளையும் அதில் சேர்த்தோம். அச்சில் ஊற்றவில்லை. இவ்வளவு சிறிய அளவுக்கு ஊற்றுவது வீண் என்பது என் எண்ணம். ஊற்றும் வழியிலேயே பாதி உறைந்துவிடும்.

சுவாலையைச் சட்டென்று எடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னிழுத்தோம். தங்கம் மங்கி மங்கி ஆரஞ்சு நிறத்துக்கு வந்து, உறைந்துவிட்டது என்று நான் நினைத்த வேளையில், மேற்பரப்பு முழுவதும் ஒருமுறை பளீரென்று மின்னியது. தூய தங்கம் உருகுநிலைக்குக் கீழே இறங்கியும் சிறிது நேரம் திரவமாகவே நின்று, பிறகு ஒரே கணத்தில் உறையும்போது உள்ளிருந்த வெப்பத்தை விடுவதால் வரும் மின்னல் அது. ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ பொருள்கள் உறைவதைப் பார்த்தவன் நான். ஆனால் அந்த ஒளியைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. பிறகு பொத்தானின் நடுவில் ஒரு குழி மெல்ல உள்வாங்கியது. உறையும்போது தங்கம் சுருங்குவதால் விழும் அந்தக் குழி, கலப்பு அதிகமில்லை என்பதற்கு நல்ல அறிகுறி. மூசையில் மிஞ்சிய வெங்காரக் கண்ணாடியும் ஏறக்குறைய நிறமற்றே இருந்தது. தாமிரம் தங்கியிருந்தால் நீலப்பச்சை ஏறியிருக்கும். அன்னபேதியின் இரும்பு தங்கியிருந்தால் மஞ்சள் கலந்த பழுப்பு ஏறியிருக்கும்.

இந்த மாவட்டத்தில் பொடியாகக் கிடைக்கும் தங்கம் புதிதல்ல என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. தேவாலா, பந்தலூர்ப் பக்கத்து ஓடைகளில் பழங்குடியினரான குறும்பரும் பணியரும் மண்ணை அலசித் தங்கத் துகள் எடுத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சுரங்க நிபுணர் ராபர்ட் பிரஃப் ஸ்மித் 1880இல் அளித்த அறிக்கைக்குப் பின் இலண்டன் நிறுவனங்கள் அங்கே பெரும் முதலீட்டோடு இறங்கி, சில ஆண்டுகளிலேயே கைவிட்டுப் போயின. கோத்தகிரிக்குப் பெயர் தந்த கோத்தர்களோ இரும்பும் வெள்ளியும் பொன்னும் வேலை செய்து தோடருக்கும் படுகருக்கும் கொடுத்தவர்கள். ஓடைத் தூளைப் பாதரசத்தால் பிடித்துச் சேர்ப்பதும் உண்டு. அப்படிச் சேர்த்த கட்டி யாரிடமாவது வந்தால் அதை டார்ச்சுக்கு முன் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாதரச ஆவிக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மூச்சில் போனபின் மூளையையும் சிறுநீரகத்தையும் அரிக்கும்.

ஆறிய பொத்தானை வெந்நீரில் கொதிக்கவைத்து, ஒட்டியிருந்த வெங்காரத்தைக் கரைத்து, துடைத்து நிறுத்தேன். 13.31 கிராம். சுண்டைக்காயை மேலே லேசாக அழுத்தியது போன்ற அளவுதான்; ஆனால் உள்ளங்கையில் வைத்தபோது அந்த அளவுக்குப் பொருந்தாத கனம். பெரியப்பா அதை வாங்கி, குழியை விரல் நுனியால் தடவி, அப்பாவின் உரைகல்லில் மெதுவாக இழுத்தார். கோட்டைப் பார்க்க முடியாமல் என்னிடம் நீட்டினார். அப்பா வைத்திருந்த, தரம் தெரிந்த தங்கத்தாலான மாற்றுக் குச்சிகளின் கோடுகளுக்குப் பக்கத்தில் அது கொஞ்சமும் சிவக்காமல் நின்றது. “உங்கப்பன் கைப்பொடி” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் அதை நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

மார்கழியில் துடைத்த தாள்களும், பழைய மூசையும், இந்த முறை பூச்சில் சிக்கிய ஓரிரு மணிகளோடு புதிய மூசையின் வெங்காரக் கண்ணாடியும் இன்னும் இருக்கின்றன. தாள்களை எரித்த சாம்பலையும், உடைத்த மூசைத் துண்டுகளையும் அதே ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டு, தேதி எழுதி ஒட்டி, அப்பா வைத்திருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன்.